ஷெர்ஷா சூரி: காவலரைக் கணக்குக் கேட்ட மன்னர்

ஒரு மூதாட்டி தலையில் தங்க நகைக் கூடையைச் சுமந்துகொண்டு தன்னந்தனியாக ஊர்விட்டு ஊர் போகலாம். அவள் பக்கம் வரக்கூட வழிப்பறிக்காரர்கள் அஞ்சினார்கள். ஷெர்ஷா சூரியின் ஆட்சியைப் பற்றி எழுதும்போது அப்பாஸ் கான் சர்வானி தீட்டும் சித்திரம் இது. அப்பாஸ் கான் ஓர் ஆப்கானியர். ஷெர்ஷாவின் குடும்பத்தோடு மண உறவு கொண்டவர். ஆகவே, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே செய்தியை வேறு இருவரும் சொல்கிறார்கள். ஷெர்ஷாவால் நாட்டை விட்டே துரத்தப்பட்ட முகலாயர்களின் அரசவையில் இருந்துகொண்டு வரலாறு எழுதிய நிஜாமுத்தீன் அஹ்மதும், பதாயூனியும்தான் அந்த இருவர். பொற்காசுப் பையோடு வெட்டவெளியில் உறங்கிய வணிகனுக்குக் காவல் தேவைப்படவில்லை என்கிறார் நிஜாமுத்தீன். அந்த மன்னரின் காலத்தில் தாம் பிறந்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறார் பதாயூனி.

எதிரி முகாமிலிருந்து வரும் இந்தச் சான்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஷெர்ஷா தில்லியை ஆண்டது 1540 முதல் 1545 வரை, ஐந்தே ஐந்து ஆண்டுகள். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் வட இந்தியா கண்டது போரும் கொள்ளையும்தான். அப்படிப்பட்ட ஒரு நாட்டில், இவ்வளவு குறுகிய காலத்தில், ஒருவர் எப்படிச் சாலைகளிலிருந்து அச்சத்தை அகற்றினார்? பள்ளிக்கூடப் பாடநூலில் அவருடைய சாலைகளையும் ரூபாய் நாணயத்தையும் மட்டும் படித்துவிட்டுக் கடந்து வந்தவர்கள் நாம். அவருடைய வாழ்க்கையின் மற்றொரு பகுதியைச் சற்று நின்று பார்ப்போம்.

சசராமில் கற்ற பாடம்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஃபரீத். பிறந்த ஆண்டு 1472 என்று சில வரலாற்றாசிரியர்களும் 1486 என்று வேறு சிலரும் கணிக்கிறார்கள். பாட்டனார் இப்ராஹீம் கான் சூர், பஹ்லூல் லோடியின் காலத்தில் ஆப்கானிய மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இந்தியா வந்தவர். தந்தை ஹஸன் கானுக்கு இன்றைய பீகாரிலுள்ள சசராம், கவாஸ்பூர் ஆகிய பர்கானாக்கள் ஜாகிராகக் கிடைத்தன. பர்கானா என்பது பல கிராமங்கள் அடங்கிய நிர்வாக வட்டாரம். அதன் வருவாயைக் கொண்டு 500 குதிரைவீரர்களை அவர் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

வீட்டில் சிற்றன்னையின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. மூத்த மகனான ஃபரீத் மனம் வெறுத்து ஜவுன்பூருக்குக் கிளம்பிப் போனார். அன்றைய ஜவுன்பூர் கல்விக்குப் பேர்போன நகரம். அங்கே அரபியும் பாரசீகமும் கற்றார். ஸஅதியின் குலிஸ்தான், போஸ்தான் போன்ற நூல்களிலும், பழைய அரசர்களின் வரலாறுகளிலும் ஊறினார். பின்னர் உறவினர்கள் தந்தையையும் மகனையும் சமாதானப்படுத்தினார்கள். ஹஸன் கான் தம் இரு பர்கானாக்களின் நிர்வாகத்தையும் ஃபரீதிடம் ஒப்படைத்தார்.

இந்த இடத்தில்தான் அவர் தம் வாழ்நாளுக்கான பாடத்தைக் கற்றார். நாட்டில் குடியானவனை வதைத்தவர்கள் காட்டில் ஒளிந்திருந்த கொள்ளையர் மட்டுமல்லர். அவனைக் காக்க வேண்டிய படைவீரன், வரி வசூலிக்கும் அலுவலர், ஊர்த்தலைவர் ஆகிய மூவரும்கூட அவனைச் சுரண்டினார்கள். தமக்குச் சட்டப்படி உரிய கூலிக்கு மேல் அவர்கள் எடுத்தது எவ்வளவு என்று எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

ஃபரீத் முதலில் அவர்களை அழைத்துப் பேசினார். அளவைப்படி வரி கட்டுவதா, விளைச்சலில் பங்கு தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடியானவனுக்குக் கொடுத்தார். ஒப்புக்கொண்டதை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் வாங்கினார். நிலத்தை அளப்பவருக்கும் வரி வசூலிப்பவருக்கும் எவ்வளவு கூலி என்பதையும் வரையறுத்து அறிவித்தார். அதற்கு மேல் யாராவது ஒரு காசு எடுத்தாலும் அது அவர்களுடைய கணக்கிலேயே கழிக்கப்படும் என்று எச்சரித்தார். வரி விதிக்கும்போது இரக்கம் காட்டலாம், விதித்தபின் வசூலில் தளரக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

பேச்சுக்கு இணங்காமல் கொள்ளையில் இறங்கியிருந்த நிலக்கிழார்களிடம் அவர் வேறு முகத்தைக் காட்டினார். தம்மிடம் போதிய குதிரைப்படை இல்லாததால், 200 சேணங்கள் செய்யச் சொல்லி, குதிரைகளை ஊர்த்தலைவர்களிடம் இரவல் வாங்கி, வேலையின்றி இருந்த ஆப்கானிய உறவினர்களை அவற்றின்மேல் ஏற்றி அனுப்பினார். கிளர்ச்சிக்காரர்களின் காப்பரண்களாக இருந்த காடுகளை வெட்டிச் சாய்த்தார். இந்த நடவடிக்கைகள் கடுமையானவை, உயிர்ச்சேதமும் மிகுந்தவை. ஆனால் அந்த இரண்டு பர்கானாக்களும் அமைதியடைந்தன, பயிர் செழித்தது.

ஃபரீத் ஷெர்ஷா ஆன கதை

குடும்பச் சண்டை மறுபடி தலைதூக்க, ஃபரீத் பதவியை இழந்து வெளியேறினார். பீகாரை ஆண்ட பஹார் கான் லோஹானியிடம் பணிக்குச் சேர்ந்தார். ஒரு வேட்டையில் புலியை வீழ்த்தியதால் ஷெர் கான் என்ற பட்டம் கிடைத்தது. சிறிது காலம் பாபரின் முகாமிலும் இருந்தார். 1526இல் பானிபட்டில் லோடி அரசு வீழ்ந்து, முகலாயர்களின் கொடி பறக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

அந்த முகாமில் அவர் கண்டது என்ன என்பதை அப்பாஸ் கான் குறித்துவைத்திருக்கிறார். முகலாயர்கள் வீரத்தில் குறைந்தவர்களாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மன்னர் தாமே நிர்வாகத்தைப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் அமைச்சர்களிடம் விட்டுவிடுகிறார், அவர்களோ கையூட்டுக்கு விலைபோகிறார்கள் என்று ஷெர் கான் கணித்தாராம். வாய்ப்புக் கிடைத்தால் இவர்களை இந்தியாவிலிருந்து வெளியேற்ற முடியும் என்று நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் சிரித்தார்களாம்.

சிரித்தவர்கள் பின்னர் வியந்தார்கள். 1539 ஜூனில் சவ்சாவிலும், 1540 மே 17 அன்று கன்னோசியிலும் அவர் ஹுமாயூனைத் தோற்கடித்தார். ஹுமாயூன் லாகூர், சிந்து வழியாகக் கடைசியில் பாரசீகம் வரை ஓட நேர்ந்தது. ஷெர் கான், சுல்தான் ஷெர்ஷா ஆனார். அப்போது அவர் இளைஞர் அல்லர். மாலை நேரத் தொழுகைக்கு ஆள் வந்து சேர்ந்ததுபோல, வாழ்வின் அந்திப்பொழுதில்தான் தமக்கு ஆட்சி கிடைத்தது என்று வருந்தினாராம். நேரம் குறைவு என்ற உணர்வு அவருடைய ஒவ்வொரு செயலிலும் தெரிகிறது.

ஊர்த்தலைவருக்குத் தெரியாமல் திருட்டு உண்டா?

சாலைப் பாதுகாப்பு விஷயத்தில் ஷெர்ஷாவின் அடிப்படைக் கணிப்பு எளிமையானது. ஒரு கிராமத்தின் எல்லைக்குள் திருட்டோ வழிப்பறியோ நடக்கிறதென்றால், அந்த ஊரின் முகத்தம் அதற்கு உடந்தையாக இருக்கிறான் அல்லது கண்ணை மூடிக்கொள்கிறான். முகத்தம் என்பவன் ஊர்த்தலைவன். யார் புதிதாக வந்தான், யாரிடம் திடீரென்று காசு புரள்கிறது, எந்தக் கொட்டிலில் அறியாத மாடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. முகத்தமும் குடிகளும் ஒத்துழைக்காமல் கள்வன் ஓர் ஊரில் தங்கவே முடியாது என்று அவர் நம்பினார்.

இந்தக் கணிப்பிலிருந்து பிறந்தது அவருடைய சட்டம். ஓர் ஊரில் திருட்டு நடந்து கள்வன் அகப்படாவிட்டால், இழந்த பொருளுக்கு அந்த ஊர் முகத்தம் ஈடு கட்ட வேண்டும். இரண்டு ஊர்களின் எல்லையில் நடந்தால் இரு ஊர்த்தலைவர்களும் பொறுப்பு. கள்வன் வேறோர் ஊரிலிருந்து வந்தவன், அங்கேதான் அடைக்கலம் புகுந்திருக்கிறான் என்று முகத்தம் அடையாளம் காட்டிவிட்டால், அடைக்கலம் தந்த ஊரின் தலைவன் ஈடு கட்ட வேண்டும். பிடிபட்ட கள்வனுக்கு ஷரீஅத் சட்டப்படி தண்டனை.

கொலை என்றால் விதி இன்னும் கடுமை. முகத்தமைச் சிறையிலடைத்து, கொலையாளியைக் காட்ட ஒரு தவணை கொடுக்கப்படும். காட்டினால் விடுதலை. காட்டாவிட்டால் முகத்தமுக்கே மரண தண்டனை.

இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் சொல்லப்படுகின்றன. எட்டாவா பகுதியில் இரண்டு கிராமங்களுக்கு இடையே எல்லைத் தகராறு. அந்தத் தகராறுக்குட்பட்ட நிலத்தில் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். எங்கள் எல்லை இல்லை என்று இரண்டு ஊராரும் கைவிரித்தார்கள். நிலத்துக்காகச் சண்டை போட்டவர்கள், பிணம் விழுந்ததும் அது தங்களுடையதில்லை என்றார்கள். அதிகாரிகள் மன்னருக்கு எழுதினார்கள். ஷெர்ஷா அந்த இடத்துக்கு அருகில் இருந்த ஒரு மரத்தை வெட்டும்படி இரண்டு ஆட்களை அனுப்பினார். யார் வந்து தடுக்கிறாரோ அவரைப் பிடித்து வரச் சொன்னார். வெட்டத் தொடங்கியதுமே ஒரு முகத்தம் தடுக்க வந்தான். பிடித்துக்கொண்டு போய் மன்னர் முன் நிறுத்தினார்கள். தொலைவில் ஒரு மரம் வெட்டப்படுவது உனக்குத் தெரிகிறது, அதே இடத்தில் ஒரு மனிதனின் கழுத்து வெட்டப்பட்டது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார் ஷெர்ஷா. மூன்று நாள் தவணை கொடுக்கப்பட்டது. தவணை முடிவதற்குள் கொலையாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள்.

இன்னொரு முறை தானேசர் அருகே அரச முகாமிலிருந்து இரவில் ஒரு குதிரை திருட்டுப் போனது. சுற்றுவட்டாரத்தில் 50 குரோசத்துக்குள் இருந்த நிலக்கிழார்கள் அனைவரும் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் மூன்றே நாள்தான் அவகாசம். குதிரையும் கிடைத்தது, திருடனும் கிடைத்தான்.

இவை சுற்றிலும் பரவியபின், ஊர்த்தலைவர்கள் தங்கள் எல்லையைத் தாங்களே இரவு பகலாகக் காவல் காக்கத் தொடங்கினார்கள். வழிப்போக்கன் ஒருவன் தங்கள் ஊருக்குள் நுழைந்தால், அவனுக்கு எந்தத் தீங்கும் நேர்ந்துவிடக்கூடாதே என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்.

வேலியே பயிரை மேயாமல் இருக்க

ஊர்த்தலைவனிடம் கணக்குக் கேட்பது ஒரு பாதிதான். அவனிடம் கேட்கும் அதிகாரியிடம் யார் கணக்குக் கேட்பது? ஷெர்ஷாவின் உண்மையான அக்கறை இந்தக் கேள்வியில்தான் இருந்தது.

அன்று இன்றைப்போலத் தனிக் காவல்துறை கிடையாது. நகரங்களில் கொத்தவால் இருந்தார். சென்னையின் கொத்தவால் சாவடியில் இன்றும் நிற்கும் பெயர் அதுதான். மற்ற இடங்களில் அமைதி காப்பது ஷிக்தாரின் வேலை. ஒவ்வொரு பர்கானாவிலும் ஒரு ஷிக்தார், நில வருவாய்க்கு ஓர் அமீன், ஒரு பொருளாளர், இரண்டு எழுத்தர்கள். எழுத்தர்களில் ஒருவர் பாரசீகத்திலும் மற்றவர் இந்தியிலும் கணக்கு எழுதுவார். பல பர்கானாக்கள் சேர்ந்தது ஒரு சர்க்கார். அங்கே ஒரு தலைமை ஷிக்தாரும் ஒரு தலைமை முன்சிபும் இருந்தார்கள். கீழுள்ள அலுவலர்கள் மக்களைத் துன்புறுத்துகிறார்களா, கணக்கில் கைவைக்கிறார்களா என்று கண்காணிப்பதும் இந்த இருவரின் கடமைகளில் ஒன்று.

மாவட்ட அலுவலர்களை ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றினார். இதற்கு அப்பாஸ் கான் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. மாவட்ட நிர்வாகத்தில் கிடைக்கும் ஆதாயம் வேறு எந்தப் பணியிலும் இல்லை என்பதை மன்னர் நன்றாக அறிந்திருந்தார். ஆகவே தம்மிடம் நீண்ட காலம் உழைத்த எல்லாருக்கும் அது சுற்றிவர வேண்டும் என்று விரும்பினாராம். பதவியின் ஆசை என்னவென்று தெரிந்தே, எவரும் ஓரிடத்தில் வேர்விட்டு மக்களுக்குப் பாரமாகிவிடாமல் பார்த்துக்கொண்டார் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

படையில் நடந்த மோசடி வேறு வகை. நூறு குதிரைவீரர்களுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டு, ஐம்பது பேரை மட்டும் வைத்திருப்பார்கள் படைத்தலைவர்கள். கணக்குப் பார்க்கும் நாளில் இரவல் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதைத் தடுக்க, குதிரைகளுக்குச் சூட்டுமுத்திரை இடும் முறையைக் கண்டிப்பாகக் கொண்டுவந்தார் ஷெர்ஷா. வீரர்களின் அங்க அடையாளங்களைப் பதிவேட்டில் எழுதவைத்தார். புதிதாகச் சேரும் வீரனைத் தாமே பார்த்து ஊதியத்தை முடிவுசெய்தார். ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காத வீரன்தான் குடியானவனின் தானியத்தில் கைவைக்கிறான் என்பதை அவர் சசராமிலேயே கண்டிருந்தார்.

மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. வங்காளத்தின் ஆளுநராக அவர் வைத்த கிஸ்ர் கான், அங்கே பழைய அரசரின் மகளை மணந்துகொண்டு தாமும் ஓர் அரசரைப்போல நடந்துகொள்ளத் தொடங்கினார். செய்தி கேட்டதும் ஷெர்ஷா பஞ்சாபிலிருந்து நேராக வங்காளம் போனார். கிஸ்ர் கானை விலங்கிட்டார். மாநிலத்தைப் பல சிறு பிரிவுகளாக்கி, ஒருவருக்கொருவர் கட்டுப்படாத அதிகாரிகளை அமர்த்தினார். அவர்களிடையே இணக்கம் நிலவுவதைக் கவனிக்கப் படைத்தளபதியை வைக்காமல், காழி ஃபழீலத் என்ற மார்க்க அறிஞரை வைத்தார்.

சம்பலில் நாஸிர் கான் என்ற அதிகாரி மக்களைக் கொடுமைப்படுத்துவதாகப் புகார் வந்தபோது, அவருக்கு மேல் ஈஸா கானை அனுப்பினார். ஈஸா கான் அங்கிருந்த அடங்காத நிலக்கிழார்களைக் கொண்டே, அவர்கள் ஒளிந்துகொண்டிருந்த காடுகளை வெட்டவைத்தார் என்கிறது வரலாறு.

ஷுஜாஅத் கானின் கதை இன்னும் சுவையானது. ஷெர்ஷாவுக்கு மிக நெருக்கமான தளபதி இவர். மாளவத்தின் ஆளுநராக இருந்தபோது, சிலரின் ஆலோசனையைக் கேட்டு வீரர்களுக்கு உரிய பங்கில் ஒரு பகுதியைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள முயன்றார். இரண்டாயிரம் வீரர்கள் ஒன்றுகூடி முகாமைவிட்டு வெளியேறி, தங்கள் பிரதிநிதியை மன்னரிடம் முறையிட அனுப்ப முடிவுசெய்தார்கள். அந்தப் பிரதிநிதி தலைநகரை எட்டும் முன்பே ஒற்றர்கள் மூலம் செய்தி மன்னரை எட்டிவிட்டது. ஷுஜாஅத் கானுக்குக் கடுமையான எச்சரிக்கை போனது. வீரர்களின் முறையீடு தம் கைக்கு வந்துசேரும் முன் அவர்களைத் திருப்திப்படுத்தாவிட்டால், பதவியும் மரியாதையும் பறிபோகும் என்பது அதன் சாரம். ஆளுநர் வீரர்களிடம் தாமே போய், வருத்தம் தெரிவித்து, உரியதைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

நெருங்கியவர் என்பதால் மன்னர் அவரை விட்டுவைத்திருந்தால், கீழே இருந்த ஒவ்வொரு ஷிக்தாரும் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டிருப்பார்.

சாலையும் சராயும்

வங்காளத்தின் சோனார்காவ் முதல் சிந்து நதி வரை, ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூர் வரை, ஆக்ராவிலிருந்து ஜோத்பூர், சித்தூர் வரை, லாகூரிலிருந்து முல்தான் வரை என நான்கு நெடுஞ்சாலைகளைச் சீராக்கினார். இரு பக்கமும் மரங்கள். இரண்டு குரோசத்துக்கு ஒரு சராய். மொத்தம் 1,700 சராய்கள் என்கிறார் அப்பாஸ் கான்.

சராய் என்றால் வெறும் தங்குமிடம் இல்லை. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி அறைகள். இந்துப் பயணிகளுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்கப் பிராமணர்கள். நடுவே கிணறும் பள்ளிவாசலும், இமாமும், மோதினாரும். குதிரைகளுக்குத் தீவனம். ஒரு காவல் அதிகாரியும் சில காவலர்களும். இவர்களுக்கான செலவுக்கு அருகிலேயே நிலம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு சராயிலும் அஞ்சலுக்கென இரண்டு குதிரைகள், ஆக 3,400 குதிரைகள் எந்நேரமும் தயாராக நின்றன. வங்காளத்திலும் மாளவத்திலும் நடப்பது மன்னருக்கு உடனுக்குடன் தெரிந்தது இந்தக் குதிரைகளால்தான். ஷுஜாஅத் கானின் தவறு அவ்வளவு விரைவில் வெளிப்பட்டதன் பின்னணியும் இதுவே.

வழிநெடுகச் சுங்கச்சாவடி வைத்து வணிகரைப் பிழிந்தெடுப்பதை நிறுத்தினார். நாட்டின் எல்லையில் ஒருமுறை, விற்கும் இடத்தில் ஒருமுறை, அவ்வளவுதான் சுங்கம். வணிகர் ஒருவர் வழியில் இறந்துபோனால், அவருடைய சரக்கைக் கேட்பாரற்ற பொருள் என்று சொல்லி யாரும் கைவைக்கக்கூடாது என்றும் ஆணையிட்டார். அதிகாரம் உள்ளவர்கள் சட்டத்தின் பெயராலேயே எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததால்தான் இப்படியோர் ஆணை தேவைப்பட்டது.

அவருடைய வெள்ளி ரூபாய் சுமார் 178 குன்றிமணி அளவு எடையும் கலப்பற்ற தரமும் கொண்டதாக இருந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. சரியாகச் சொன்னால் 178 கிரெய்ன், ஏறத்தாழ பதினொன்றரை கிராம். அந்தப் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லி வாங்கி விற்கிறோம்.

தன் படைக்கும் அதே சட்டம்

படை கிளம்பினால் வழியிலுள்ள வயல்கள் நாசமாவது அன்று சாதாரண நிகழ்ச்சி. ஷெர்ஷா தம் படை செல்லும்போது, பயிரைக் காக்கக் குதிரைவீரர்களை வயலோரம் நிறுத்தினார். எவனாவது கதிரைப் பறித்தால் அவன் காதை அறுத்து, அந்தக் கதிரையே கழுத்தில் கட்டி முகாமெங்கும் சுற்றிவரச் செய்தார். வழி குறுகலாகி வேறு வழியில்லாமல் பயிர் மிதிபட்டால், அந்த இடத்தை அளந்து உழவனுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார். எதிரி நாட்டிலும் உழவர்களைத் தொடவிடவில்லை. குடியானவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள், யார் ஆண்டாலும் அவர்களுக்கு அடங்கி நடப்பவர்கள், அவர்களை விரட்டிவிட்டால் நாடே பாழாகும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய நாள் இரவின் கடைசிப் பகுதியில் தொடங்கியது. குளித்து, தொழுது, சுப்ஹுக்கு முன்பே அதிகாரிகளின் அறிக்கைகளைக் கேட்டு ஆணைகளை எழுதவைப்பார். ஜமாஅத்தோடு சுப்ஹு தொழுதபின் படையினரையும் முறையிட வந்தவர்களையும் சந்திப்பார். பெரியவர்கள் எப்போதும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், தம் தகுதியை நினைத்து அன்றாட வேலைகளைச் சிறிதென்று கருதக்கூடாது என்பது அவர் கருத்து. அமைச்சர்களிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்ட அரசர்களின் கதியை அவர் பார்த்திருந்தார் அல்லவா!

கறை

இவ்வளவு சொன்னபின் ராய்சேன் கோட்டையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1543இல் பூரன்மல் என்பவர் நீண்ட முற்றுகைக்குப் பின், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற வாக்குறுதியை நம்பிக் கோட்டையைவிட்டு வெளியே வந்தார். அவர்மீது முஸ்லிம் குடும்பங்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அறிஞர் ஒருவரின் தீர்ப்பைக் காரணம் காட்டி வாக்குறுதி மீறப்பட்டது. பூரன்மலும் அவருடைய ஆட்களும் சூழப்பட்டு, குடும்பங்களோடு அழிந்தார்கள். ஷெர்ஷாவைப் போற்றும் வரலாற்றாசிரியர்களும் இதை நியாயப்படுத்த முடியாமல் திணறுகிறார்கள். குற்றம் இருந்தால் விசாரிக்கலாம். கொடுத்த அடைக்கலத்தை முறிப்பது மார்க்கம் காட்டும் வழி அன்று. சாலையில் போகும் வழிப்போக்கனுக்கு அளித்த பாதுகாப்பை உயிராகக் காத்தவர், தாம் கொடுத்த வாக்கை இங்கே காக்கவில்லை.

கொலையாளியைக் காட்டாத ஊர்த்தலைவனுக்கே மரணம் என்ற சட்டமும் நம் காலத்துக்குப் பொருந்தாது. உயிர் தப்புவதற்காக ஒரு முகத்தம் அப்பாவி ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. ஒருவரின் பாவச்சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே அவருடைய தண்டனைகளைக் கடன்வாங்க வேண்டியதில்லை. அவற்றின் பின்னிருந்த கேள்விதான் முக்கியம்.

காலிஞ்சர்

1544இன் இறுதியில் காலிஞ்சர் கோட்டையை ஷெர்ஷா முற்றுகையிட்டார். 1545 மே 22, ஹிஜ்ரி 952. கோட்டைக்குள் எறியப்பட்ட வெடி ஒன்று மதிலில் பட்டுத் திரும்பி, குவித்துவைத்திருந்த வெடிகள்மேல் விழுந்தது. அருகில் நின்ற ஷெர்ஷா கடுமையான தீக்காயம் அடைந்தார். கூடாரத்தில் கிடந்தபடியே தாக்குதலை நிறுத்த வேண்டாம் என்றார். அன்று மாலைக்குள் கோட்டை வீழ்ந்த செய்தி வந்தது. அல்லாஹ்வைப் புகழ்ந்தார், உயிர் பிரிந்தது. இன்று அவருடைய உடல் சசராமில், ஏரியின் நடுவே அவர் கட்டிய எண்கோண மண்டபத்தில் அடங்கியிருக்கிறது. குடியானவனின் வலியை அவர் முதன்முதலில் பார்த்த ஊர் அது.

மகன் இஸ்லாம் ஷா சுமார் ஒன்பது ஆண்டுகள் ஆண்டார். தந்தையின் சராய்களுக்கு இடையே மேலும் சராய்களைக் கட்டினார். அவருக்குப்பின் வாரிசுச் சண்டை. அவருடைய சிறுவயது மகனைத் தாய்மாமனே கொன்று அரியணை ஏறினார். 1555இல் ஹுமாயூன் திரும்பி வந்தார், சூர் வம்சம் முடிந்தது. ஆனால் அந்த வம்சத்தை வென்ற முகலாயர்கள் அதன் நிர்வாகத்தை அழிக்கவில்லை. நில அளவை, ரூபாய், சராய், குதிரைக்குச் சூடு, ஊர்ப்பொறுப்பு ஆகியவற்றை அக்பரின் அரசு எடுத்து வளர்த்தது. ஷெர்ஷாவிடம் பணியாற்றிய தோடர்மல்தான் அக்பரின் வருவாய்த்துறையை ஒழுங்குபடுத்தினார்.

நமக்கு என்ன?

அமைதி குலைந்த ஒரு நாட்டில் எல்லாருடைய கண்ணும் திருடனைத் தேடும். இன்னும் கடுமையான சட்டம் வேண்டும், இன்னும் அதிகக் காவலர் வேண்டும் என்ற குரல் எழும். ஷெர்ஷா முதலில் வேறு பக்கம் பார்த்தார். காவல் காக்க வேண்டியவன் எங்கே இருந்தான், அவனுக்கு ஊதியம் சரியாகக் கிடைத்ததா, அவன் ஓரிடத்தில் வேர்விட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று, அவனைப் பற்றிய புகார் மேலே போய்ச் சேர வழி இருக்கிறதா, அவனுடைய மேலதிகாரி எனக்கு வேண்டியவன் என்பதால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேனா என்று கேட்டார். கடைசிக் கேள்வி தம்மை நோக்கியது. அந்தக் கேள்வியைக் கேட்ட இடங்களில் எல்லாம் அவர் வென்றார். கேட்காமல் விட்ட ராய்சேனில் அவர் பெயருக்கு நீங்காத கறை சேர்ந்தது.

அதிகாரம் என்பது அமானிதம். நாட்டை ஆள்பவருக்கு மட்டுமல்ல, ஜமாஅத்தின் பொறுப்பில் இருப்பவருக்கும், ஒரு கடையின் கல்லாவில் அமர்பவருக்கும், வீட்டின் தலைவருக்கும் அவரவர் அளவில் அது பொருந்தும். நம் எல்லைக்குள் ஓர் அநியாயம் நடந்தால், எனக்குத் தெரியாது என்று சொல்லும் முன், எட்டாவாவில் வெட்டுப்பட்ட அந்த மரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.